எதிராளியின் கையெழுத்து

"போட மாட்டேன்."

"போடு."

"நான் சொல்லாத ஒண்ணுக்கு நான் எதுக்குடி கையெழுத்து—"

"நீ சொல்லாததா? போன வாரம் துணி மடிக்கும்போது நீ பேசினதை வரிக்கு வரி அப்படியே—"

"அப்படியேவா? 'செவிலியர்களின் பணி வசதி கருதி'ன்னு நான் பேசினேனா? என் வாயில அந்த மாதிரி வார்த்தை வருமா?"

"அது எழுத்து நடை. கட்டுரைன்னா அப்படித்தான் எழுதணும்."

"எழுத்து நடையோ எருமை நடையோ. என் வசதிக்காக நான் கதவைச் சாத்துறேன்னு எழுதிட்டு, அதுக்குக் கீழ என்னையே கையெழுத்துப் போடச் சொல்ற. நல்லா இருக்குடி நியாயம்."

"கத்தாதே. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

மருத்துவமனையில் ஊழியர்கள் சாப்பிடும் அறை அது. ஜன்னல் இல்லை. நீள மேசைகள் நான்கு, கை கழுவ ஒரு தொட்டி, எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு குளிர்பதனப் பெட்டி. அங்கே இருந்த ஏழெட்டுப் பேரும் தங்கள் டப்பாக்களையே குனிந்து பார்த்துக்கொண்டு, காதுகளை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கத்திக்கொண்டிருந்த இருவரும் அக்கா தங்கை. பெரியவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். சின்னவளுக்கு வயது முப்பத்தாறு. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியைக்கு உதவியாளாகப் பதினோரு வருடம் மூக்குத் துடைத்துவிட்டும், ஷூ நாடா கட்டிவிட்டும் ஓய்ந்துபோய், தானே ஆசிரியையாக வேண்டும் என்று கல்லூரியில் சேர்ந்தவள். எல்லாப் பாடமும் தேறிவிட்டாள். கட்டுரைப் பாடம் ஒன்றில் மட்டும் இரண்டு முறை போய்விட்டது. மூன்றாவது முறையும் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். இன்று நான்கு மணிக்குள் கடைசி வரைவைக் கொடுத்தாக வேண்டும்.

"எத்தனை தடவைக்கா சொல்றது? நாலு மணி. நாலு மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் வாங்க மாட்டார் அந்த மனுஷன்."

"அப்ப நீயே போட்டுக்க. என் கையெழுத்து உனக்குத் தெரியாதா? பத்தாவதுல ரிப்போர்ட் கார்டுல அப்பா கையெழுத்தையே போட்டவதானே."

"போன் பண்ணிக் கேப்பார். 'அம்மா, இதைச் சொன்னது நீங்கதானா'ன்னு கேப்பார். போன தடவை ஒரு பையன் அப்படித்தான் மாட்டினான்."

அந்த மனுஷன் என்பது கட்டுரை வகுப்பு ஆசிரியர். பச்சை மையில் மட்டுமே திருத்துவதால் மாணவர்கள் வைத்த பெயர் பச்சைப்பேனா. படிப்பவரை நம் பக்கம் இழுக்கும் கட்டுரை எழுதச் சொல்வார். அதில் ஒரு பத்தி எதிர்த்தரப்புக்கு. அந்தப் பத்தியை மாணவர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் புனைந்துவிட முடியாது. எதிர்க்கருத்து உடைய ஓர் ஆளை நேரில் பார்த்துப் பேசி எழுத வேண்டும். அந்த ஆள் படித்துப் பார்த்து, 'நான் சொல்வது இதுதான்' என்று கீழே கையெழுத்திட வேண்டும். "வாயைக் கட்டி நிறுத்தி வச்ச ஆளை ஜெயிச்சு என்ன புண்ணியம்? அவுத்துவிடுங்க, பேசவிடுங்க, அப்புறம் ஜெயிங்க" என்பார்.

எதிராளி யார் என்று மூன்றாவது வாரமே படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. மற்ற மாணவர்கள் தொழிற்சாலை மேலாளர், பஸ் கம்பெனி அதிகாரி என்று ஆள் தேடி அலைந்தபோது சின்னவள் சிரித்தாள். 'எனக்கு எதிராளி பக்கத்து ரூம்லயே தூங்குது' என்று அக்காவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு அப்படி. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் பக்கத்தில் ஓர் உறவினரை எந்நேரமும் இருக்கவிட வேண்டும். ஏழு மாதத்துக்கு முன்னால் அப்பா அங்கேதான் இறந்துபோனார். சின்னவள் அப்போது கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள்.

"முதல்ல இருந்து படிச்சுப் பாத்தியா, இல்ல உன் பத்தியை மட்டும் பாத்தியா?"

"எல்லாத்தையும்தான் படிச்சேன். 'கதவின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் தந்தை, நடுவில் ஒரு விதி'ன்னு."

"அதுக்கு அவர் 'நல்ல தொடக்கம்'னு போட்டிருக்கார். ரெண்டு வருஷத்துல என்னைப் பாத்து அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை."

"நடுவுல விதியா இருந்துச்சு? நான்தானே இருந்தேன்."

சின்னவள் காகிதங்களை ஒன்றுசேர்த்து அடுக்கினாள்.

"என்னை ஏன் எழுதல?" என்றாள் பெரியவள். "என் அக்காதான் வெளிய போகச் சொன்னான்னு எழுதியிருக்கலாமே."

"எழுதினா நீ கையெழுத்துப் போடுவியா?"

"யாருக்குத் தெரியும். போட்டிருப்பேனோ என்னவோ."

"அக்கா, உன் கால்ல வேணா விழறேன். இங்கயே விழறேன். இந்த வசதிங்கற வார்த்தையை அடிச்சிடறேன். தொற்று பரவும்னு போடறேன். வெளி ஆளுங்க வந்தா கிருமி வரும், பலவீனமான நோயாளிக்கு ஆபத்து. இது சரிதானே? இதுக்குப் போடுவியா?"

"அது சுவத்துல ஒட்டியிருக்கற நோட்டீஸ்."

"உண்மைதானே?"

"உண்மைதான். நான் சொல்றது அது இல்ல."

"அப்ப நீ சொல்றதுதான் என்ன? சொல்லித் தொலையேன்! மூணு மாசமாக் கேக்கறேன். மூணு வரைவு எழுதிட்டேன். ஒவ்வொரு தடவையும் இது இல்ல, இது இல்ல, இது இல்ல. கிணத்துக்குள்ள கல்லைப் போட்டாக்கூட ஒரு சத்தம் வரும்."

பெரியவள் டப்பாவை மூடினாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

"எனக்கு நேரம் ஆச்சு. மூணு மணிக்கு டியூட்டி முடியும். படிக்கட்டுப் பக்கம் வா."

"மூணு மணிக்கா? இங்கிருந்து காலேஜுக்கு பஸ்ல இருபத்தஞ்சு நிமிஷம்!"

"அதுக்குள்ள எழுது. எழுதறதுதானே உன் வேலை."

சின்னவள் மேலே போய், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அதே பெஞ்சுதான், வேறு இடம் இல்லை. காகிதங்களைத் தொடைமேல் விரித்தாள். ஓரமெல்லாம் பச்சை எழுத்து. 'யார் சொன்னது?' 'இப்படி ஒருவர் பேசுவாரா?' 'எதிராளி இங்கே மூச்சு விடவில்லை.' 'மறுபடியும்.' வெள்ளையில் அவள் எழுதியதைவிட ஓரத்தில் அவர் எழுதியது அதிகம் போலிருந்தது.

புதுத் தாள் எடுத்து எழுதினாள். 'நோயாளிக்கு ஓய்வு தேவை' என்று எழுதி அடித்தாள். 'உறவினர்களின் பதற்றம் நோயாளியையும் பற்றிக்கொள்ளும்' என்று எழுதினாள். நன்றாகத்தான் இருந்தது. அக்கா இப்படிச் சொல்வாளா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்ல மாட்டாள். அடித்தாள்.

"என்ன தங்கச்சி, கோர்ட்டுல கேஸா? இவ்வளவு பேப்பர்?"

ட்ராலி அக்கா. அந்த மாடியில் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகிறவள். மருந்து, போர்வை, நோயாளி, சில நாள் போர்வை மூடிய நோயாளி. சின்னவளை அப்பா இருந்த பதினாறு நாளும் பார்த்தவள்.

"கேஸ் மாதிரிதான். அக்கா, நீங்க சொல்லுங்க. சொந்தக்காரங்களை ஏன் உள்ள விடக்கூடாது?"

"விட்டாலா? போன மாசம் ஒருத்தன், டாக்டருக்குத் தெரிஞ்சவன்னு விட்டாங்க. தலையணையைச் சரி பண்றேன்னு மூக்குல இருந்த டியூபைப் பிடுங்கிட்டான். இன்னொரு அம்மா, புருஷன் நினைவு இல்லாமக் கிடக்கறார், காதுகிட்ட போய் 'பீரோ சாவி எங்க வச்சீங்க'ங்குது. அவர் சாவியைச் சொல்லவா வந்தார்?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையாகப் போய்விடும் போலிருந்ததால் வேகமாக எழுத ஆரம்பித்தாள். டியூப், தலையணை, சாவி எல்லாவற்றையும் எழுதினாள். உயிருள்ள பத்தியாக வந்தது. பச்சைப்பேனா ஓரத்தில் எதுவும் எழுத முடியாது.

"இதுக்கு நீங்க ஒரு கையெழுத்து..." என்று ஆரம்பித்தவளுக்குப் படிவம் ஞாபகம் வந்தது.

"கையெழுத்தா? எனக்கு எதுக்கு வம்பு, நான் பாட்டுக்குத் தள்ளிட்டுப் போறேன்" என்று ட்ராலி அக்கா தள்ளிக்கொண்டு போயேவிட்டாள்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் பெரியவள் படிக்கட்டுக்கு வந்தாள். இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவே ஒரு திருப்பம். துடைக்கும் வாளிகளைக் கவிழ்த்து அடுக்கி வைத்திருந்தார்கள். சின்னவள் தாளை நீட்டினாள். பெரியவள் நின்றபடியே படித்தாள்.

"இது ட்ராலிக்காரி பேச்சு."

"யார் பேச்சா இருந்தா என்ன! உண்மையா இல்லையா?"

"எல்லாம் நடந்ததுதான்."

"அப்ப போடு."

"நான் சொல்றது இது இல்லடி."

"எனக்கு அம்பது நிமிஷம்கூட இல்ல!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? நீ ஒண்ணும் நடந்தது நடக்காதது பாக்கல. எனக்கு இப்பப் புரியுது. நான் பாஸ் ஆகக்கூடாது உனக்கு. வீட்டுல படிச்ச ஒருத்தி நீ மட்டும் இருக்கணும்."

"வாயை மூடு."

"பதினோரு வருஷம் அடுத்தவங்க கிளாஸ்ல பின்னால நின்னேன். 'இவங்களும் டீச்சரா'ன்னு புள்ளைங்க கேக்கும், 'இல்ல கண்ணு, இவங்க ஹெல்ப்பர்'னு எனக்கு முன்னாலயே சொல்லுவாங்க. இந்த ஒரு பேப்பர். இந்த ஒரு கையெழுத்து. அதைக்கூட—"

"வாயை மூடுன்னு சொன்னேன்."

"மூட மாட்டேன். அன்னைக்கும் இதேதான் சொன்ன. 'வாயை மூடிட்டு வெளிய போ.' போனேன். நீ உள்ள இருந்த. அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு நீ இருந்த. சரி, நமக்கு இல்ல, அவளுக்காவது கிடைச்சுதேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். உனக்குக் கிடைச்சது உனக்குப் போதும். எனக்கு இதையாவது குடு."

பெரியவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். தாள் அவள் கையில் மடங்கியது.

"நான் பிடிச்சுக்கிட்டு இருக்கல," என்றாள்.

"என்ன?"

"அப்பா கையை. நான் பிடிச்சுக்கிட்டு இருக்கல. நான் அஞ்சாம் நம்பர் பெட்கிட்ட இருந்தேன்."

கீழே யாரோ கதவைத் திறந்து மூடினார்கள்.

"அன்னைக்கு உன்னை உள்ள விட்டது யாரு?" என்று கேட்டாள் பெரியவள்.

"நீதான்."

"விடலாமா?"

"கூடாது. நான் கெஞ்சினேன். அஞ்சு நிமிஷம்னு விட்ட."

"எட்டு பெட்டு, ரெண்டு பேர் டியூட்டி. கூட இருந்தவ ரெண்டாம் நம்பரை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. நான் ஒருத்தி. நீ அப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு, 'அக்கா அது என்ன சத்தம், அக்கா இது ஏன் கத்துது, அக்கா அந்தக் கோடு ஏன் இறங்குது.' ஒவ்வொண்ணுக்கும் நான் உனக்குப் பதில் சொல்லிக்கிட்டிருந்தேன். நீ பயப்படறியேன்னு. அஞ்சாம் நம்பர் மானிட்டர் கத்துச்சு. 'அக்கா இது'ன்னு நீ ஆரம்பிச்ச. நான் கையை நீட்டி அந்த அலாரத்தை அமுக்கிட்டேன். திரும்பிப் பாக்கல. விரல்ல மாட்டற கிளிப்பு கழண்டிருக்கும், எப்பவும் அதுதானே. அமுக்கிட்டு உனக்குப் பதில் சொன்னேன். 'ஒண்ணும் இல்லடி, ஒண்ணும் இல்ல'ன்னு."

"அக்கா..."

"கிளிப்பு இல்ல. மூச்சு மெஷின் குழாய் கழண்டிருந்துச்சு. நான் திரும்பிப் பாக்கறப்ப அந்தம்மா உதடு நீலமாயிருந்துச்சு. அப்பத்தான் உன்னை வெளிய தள்ளினேன். அதுக்கப்புறம் அவங்களோட மல்லுக்கட்டினேன். அப்பாவோடது கத்தினது எனக்குக் கேட்டுது. கேட்டுது. கையை எடுத்தா இந்தம்மா போயிடும். எடுக்கல. கூட இருந்தவ ஓடி வந்தப்ப அப்பா போயிட்டார். நீயும் இல்ல, நானும் இல்ல. தனியாத்தான் போனார்."

சின்னவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தம்மா?" என்றாள்.

"இருக்காங்க. வீட்டுக்குப் போயிட்டாங்க. பெத்த புள்ளைங்களை அடையாளம் தெரியல."

"யாருக்குத் தெரியும் இது?"

"இப்ப உனக்கு."

"ரிப்போர்ட்டுல?"

"'குழாய் கழன்றிருந்தது கண்டறியப்பட்டது, உடனடியாகச் சரிசெய்யப்பட்டது.' என் கையால எழுதினேன். உடனடியாக. எழுத்து நடை." பெரியவள் தாளை நீவி நேராக்கினாள். "நீ கேட்டியே, நான் சொல்றது என்னன்னு. உங்களை வெளிய நிறுத்தற விதி உங்களைத் தடுக்கறதுக்கு இல்லடி. என்னைத் தடுக்கறதுக்கு. சொந்தம் பக்கத்துல நின்னா நான் நர்ஸா இருக்க மாட்டேன். இதான் நான் சொல்றது. எழுது."

"எழுத மாட்டேன்."

"எழுதுடி."

"பைத்தியமா உனக்கு? ரெண்டு பேர் திருத்துவாங்க. அப்புறம் மூணு வருஷம் டிபார்ட்மென்ட் அலமாரியில இருக்கும். எவனாவது படிச்சான்னா உன் வேலை போகும். வேலை மட்டுமா—"

"நேரம் போகுது. எழுது."

"ட்ராலி அக்கா சொன்னதுக்கே போடு, போதும், நான்—"

"அதுக்குப் போட மாட்டேன்."

"அக்கா!"

"ஏழு மாசமா இதை வச்சுக்கிட்டு உன்கூட ஒரே மேசையில உக்காந்து சாப்பிடறேன். நீ ஒவ்வொரு வரைவா கொண்டாந்து நீட்டற. வசதிங்கற, கிருமிங்கற. எனக்கு எப்படி இருக்கும்? பேனாவைக் குடு."

"குடுக்க மாட்டேன்."

"குடு!"

பேனாவை அவள் பிடுங்கினாள். சின்னவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். முடி நரைத்த ஒருத்தியும் நரைக்கத் தொடங்கிய ஒருத்தியும் மருத்துவமனைப் படிக்கட்டில் ஒரு பேனாவுக்காகக் குழந்தைகள் போல இழுத்துக்கொண்டார்கள். வாளி ஒன்று உருண்டு நான்கு படி இறங்கி நின்றது. கடைசியில் அக்காதான் ஜெயித்தாள். நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிய கை.

ஜன்னல் விளிம்பில் புதுத் தாள் ஒன்றை வைத்து, ஷிப்டு மாறும்போது அடுத்தவளுக்கு எழுதிக் கொடுப்பது போல எழுதினாள். நேரம், பெட் எண், யார் எங்கே நின்றார்கள், எந்தக் கை எந்தப் பொத்தானை அமுக்கியது. அலாரத்தை அமுக்கியதற்கும் திரும்பிப் பார்த்ததற்கும் நடுவே 'இரண்டு நிமிடம் நாற்பது விநாடி' என்று எழுதினாள். தன் தங்கை கேட்ட கேள்வியையும் தான் சொன்ன பதிலையும் எழுதினாள். கடைசியில், 'விதியை உடைத்தவள் நான். விதி சரி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது' என்று எழுதி, கீழே, 'நான் சொல்வது இதுதான்' என்று போட்டுக் கையெழுத்திட்டாள். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. பதினான்கு வரி.

"கிளம்பு," என்றாள். "நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"நீ நடுவழியில கிழிச்சுப் போட்டுடுவ. உன்னைத் தெரியாதா."

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பெரியவள் சீருடையோடு ஜன்னலோரம். தாள்கள் சின்னவள் மடியில். எதிராளியின் பத்திக்குப் பிறகு தன்னுடைய மறுப்பை எழுத வேண்டும், அதுதான் முறை. பழைய மறுப்பு தாளில் இருந்தது: 'வசதியைவிட மனிதநேயம் பெரிது அல்லவா?' அதைப் படித்ததும் அவளுக்குக் காது சுட்டது. அடித்துவிட்டாள். 'ஆனால்' என்று எழுதினாள். மூன்று நிறுத்தம் போயின. 'ஆனால்' மட்டும் இருந்தது. நான்காவது நிறுத்தத்தில் அதையும் அடித்தாள்.

"எழுதினியா?"

"ஆடுது பஸ்ஸு."

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கு, சிக்னல்ல."

"கொஞ்சம் சும்மா இரேன்."

துறை அறையில் நுழைந்தபோது மூன்று ஐம்பது. பச்சைப்பேனா தனியாக இருந்தார். மேசையில் கட்டுரைக் கட்டு. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"வாங்க. வரமாட்டீங்களோன்னு நினைச்சேன். இவங்க?"

"எதிராளி," என்றாள் பெரியவளே.

அவர் எழுந்து நின்றார். "உக்காருங்கம்மா. இதுவரைக்கும் எந்த எதிராளியும் இந்த அறைக்கு வந்ததில்ல."

கட்டுரையை வாங்கி, பேனாவின் மூடியைக் கழற்றி, படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம் வேகமாகப் போனது. அடுத்த பக்கத்தில் கையெழுத்து மாறிய இடத்தில் நின்றார். பதினான்கு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. திரும்ப மேலே போய்ப் படித்தார் போலிருக்கிறது. பேனா தாளைத் தொடவில்லை.

"இது நீங்க சொன்னதுதானாம்மா?"

"நானே எழுதினது."

"இதை ரெண்டாவது ஒருத்தரும் படிப்பார். அது உங்களுக்கு..."

"தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்."

அவர் பக்கத்தைத் திருப்பினார். அடித்த ஒரு வரி. அடித்த ஒரு சொல். அதற்குக் கீழே வெள்ளை.

"மறுப்பு எங்க?"

சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மறுப்பு இல்லாம நான் இதை வாங்கினா, எழுதினது நீங்க இல்ல, இவங்க. இவங்களுக்குத்தான் பாஸ் போட முடியும்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. இங்கயே உக்காந்து எழுதுங்க."

"சார், எனக்கு... இதுக்கு என்ன எழுதறதுன்னு..."

"ரெண்டு வழி இருக்கு. இவங்க சொல்றது தப்புன்னு காட்டுங்க. பக்கத்துல ஆள் இருந்திருக்கணும், வெளிய அனுப்பினது தப்பு, ஏன்னு சொல்லுங்க. இல்ல, இவங்க சொல்றதுதான் சரின்னா, அதை ஒத்துக்கிட்டு எழுதுங்க, நான் உள்ளயே போயிருக்கக் கூடாதுன்னு. அதுவும் ஒரு முடிவுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டுல ஒண்ணு. எதுவும் சொல்லாம விட முடியாது."

"ரெண்டுமே இவளைத்தானே சார் குத்தம் சொல்லுது..."

"எனக்குப் புரியுது. ஆனா நாலு மணிக்கு நான் இந்தக் கட்டை ஆபீசுக்கு அனுப்பிடணும்."

அவர் மேசையின் இந்தப் பக்கம் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேறொரு கட்டுரையை எடுத்தார். அதை அவர் படிக்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

சின்னவள் பேனாவைத் தாளில் வைத்தாள். புள்ளி ஒன்று விழுந்தது. புள்ளி பெரிதாகிக்கொண்டே போயிற்று.

"எழுதுடி," என்றாள் பெரியவள் மெதுவாக.

"என்னன்னு எழுத?"

"உனக்கு எது தோணுதோ அது."

"எனக்கு எதுவும் தோணல. உன் மூஞ்சிதான் தெரியுது."

"அப்ப என்னைப் பாக்காதே. தாளைப் பாரு."

"பாத்தா உன் கையெழுத்து இருக்கு."

"அஞ்சு நிமிஷம்," என்றார் பச்சைப்பேனா, திரும்பாமல்.

பெரியவள் நாற்காலியை இழுத்துத் தங்கைக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள். சீருடையின் மடிப்பை முழங்காலில் நீவிவிட்டாள். கையை எடுத்துத் தங்கையின் பேனா பிடித்த கைமேல் வைத்தாள்.

"பாஸுக்காகக் கேக்கல. பாஸ் கிடக்கட்டும். ஏழு மாசமா நான் கேட்டுக்கிட்டு இருக்கேன், எனக்குப் பதில் சொல்ல ஆள் இல்ல. நீதான் இருந்த அங்க. வேற யாரும் இல்ல. நீ சொல்லு. அன்னைக்கு நான் உன்னை உள்ள விட்டது தப்பா, வெளிய அனுப்பினது தப்பா?"